உன் ஓட்டும் என் ஓட்டும் கழிந்தது போக

வெள்ளி, 3 செப்டம்பர் 1993

ஆலங்கட்டி மழை. அடுப்பருகே அட்டைப்பெட்டியில் தாயில்லாத ஆட்டுக்குட்டிகள் இரண்டு, பால்புட்டிக்காக மாறி மாறிக் கத்துகின்றன. வேலிப்பக்கம் டமார் டமார் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் என் வீட்டுக்காரன் டங்கன் நீலக் கட்சியின் பலகையை நிறுத்திக்கொண்டிருக்கிறான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொட்டகையின் பின்னாலிருந்து அது வெளியே வரும். அவன் அப்பா அடித்த பலகை. வேட்பாளரின் முகம் மட்டும் மாறும், அதுவும் எப்போதாவது.

இந்த முறை இரண்டு பலகைகள். ஒன்றில் முகம். இன்னொன்றில் ‘இருக்கிற முறையே இருக்கட்டும்’. தேர்தலன்றே நாடு அந்தக் கேள்விக்கும் ஓட்டுப் போடப்போகிறது. தொகுதியில் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற பழைய முறையா, கட்சிகள் வாங்கிய ஓட்டுக்குத் தகுந்த இடங்கள் என்ற புது முறையா?

அது என் வேலியும்தானே? பாதிக் கம்பியை இழுத்துக் கட்டியவள் நான்.

“நானும் ஒரு பலகை நடப்போறேன், உன்னோடதுக்கு நேர் எதிர்ல” என்றேன்.

“நடு, தாயே. ஆனா நவம்பர் ஆறாம் தேதி நம்ம ஜோடி உண்டுல்ல?”

இந்த ஜோடிக் கதையை எழுதிப் பார்க்க வேண்டும். எழுதினால்தான் எவ்வளவு மடத்தனம் என்று எனக்கே உறைக்கும். பாராளுமன்றத்தில் ஒரு கட்சிக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டால், எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவார். கணக்கு நேராகிவிடும். அதற்குப் பெயர் ஜோடி. டங்கன் பிறவி நீலம். நான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள், பிறவிச் சிவப்பு. கல்யாணமான புதிதில் இருவரும் சரளைக்கல் பாதையில் அரை மணி நேரம் குலுங்கி மட்டாய் ஃப்ளாட் ஊர் மண்டபத்துக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவோம். ஒருமுறை திரும்பும் வழியில் டங்கன் சிரித்தான். “நீ போட்டதை நான் அடிச்சேன், நான் போட்டதை நீ அடிச்சே. பெட்ரோல் செலவுதான் நெஜம்.” எழுபத்திரண்டில் தேர்தலன்று குட்டிகளுக்கு வால் நறுக்கும் வேலை. பட்டிக் கதவுக்கு மேலே கையை நீட்டினான். “ஜோடி?” நானும் கை கொடுத்தேன். அதிலிருந்து வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தேர்தலிலும் அந்தக் கைகுலுக்கல்தான் எங்கள் ஓட்டு.

இரண்டே கட்சி என்றால் இப்படித்தான் ஆகும். நாட்டு நடப்பு வீட்டுச் சண்டையாகிவிடும். வீட்டுச் சண்டையை யாராவது போய் எண்ணுவார்களா?

ஜோடிக்கு நான் பதில் சொல்லவில்லை. குட்டிகள் கத்தின. போய்விட்டேன்.

திங்கள், 6 செப்டம்பர்

பலகை நட்டாயிற்று. எழுத்து கோணல். சாலையிலிருந்து பார்த்தால் ‘மாற்று’ என்ற சொல் மட்டும் தெரிகிறது. அது போதும்.

செவ்வாய், 14 செப்டம்பர்

மத்தியானச் சாப்பாட்டில் மறுபடியும் அதே பேச்சு.

“பத்துக் கட்சி வந்தா இத்தாலி மாதிரி ஆயிடும், நெட்டா. வருஷத்துக்கு ஒரு சர்க்கார். ரெண்டு கட்சின்னா ஒருத்தன் ஆளுவான், ஒருத்தன் குத்தம் சொல்லுவான். பிடிக்கலையா, மாத்திப் போட்டுடு. சுத்தமான வேலை.”

சுத்தமான வேலையாம்! எண்பத்தெட்டில் நான் நடத்திய தபால் நிலையத்தை மூடியது யார்? சிவப்பு. என் அப்பா சவப்பெட்டியில் சட்டை மேல் கட்சி பேட்ஜைக் குத்தி அனுப்பச் சொன்னாரே, அதே சிவப்பு. மூடப்போகிறோம் என்று தேர்தலுக்கு முன்னால் ஒரு வாய் திறந்ததா? கவுன்ட்டரைத் துடைத்து, கடைசி முத்திரையைக் குத்தி, கதவைப் பூட்டியவள் நான். சாவியைத் தபாலில் அனுப்பு என்று எனக்கே கடிதம் வந்தது. அனுப்ப இடமில்லாமல் டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சரி, நீலம் வந்தது. எல்லாவற்றையும் செப்பனிடுவோம் என்று சொல்லித்தான் வந்தது. வந்த கையோடு நம்மூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டியது. என் மகள் ஷோனா தலைப்பிரசவ வலியோடு ஒன்றரை மணி நேரம் காரில் போனாள். பின் ஸீட்டில் அவள் கையைப் பிடித்திருந்தவள் நான். ஓட்டியது டங்கன். அவனுக்கும்தானே அந்த அலறல் கேட்டது?

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அவன் மூடினால் இவன், இவன் பூட்டினால் அவன். எதை மாற்றி எதைப் போட?

இதையெல்லாம் சொன்னேன், கத்தித்தான் சொன்னேன். டங்கன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தான்.

“நீ சொல்றது நியாயம்தான். ஆனா மூணாவது கட்சிக்குப் போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது.”

“உனக்குத் தெரியுமாக்கும்?”

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சனி, 25 செப்டம்பர்

நேற்று மாலை மண்டபத்தில் கூட்டம். நம் எம்.பி. வந்திருந்தார். ‘மாற்றமா, நிலைத்த ஆட்சியா?’ என்று தலைப்பு. தலைப்பிலேயே தீர்ப்பு! வழக்கம்போல் சிற்றுண்டி பெண்கள் பொறுப்பு. இந்த மாதம் என் முறை. சீஸ் ரோல், சாசேஜ் ரோல், க்ரீம் வைத்த பஞ்சு கேக் மூன்றும் செய்திருந்தோம்.

பேச்சு தொடங்குமுன் மேஜை மேஜையாகப் போனேன். “சிற்றுண்டிக்கு என்ன வேணும்? ஆளுக்கு ஒண்ணுதான் சொல்லலாம். கை தூக்குங்க.” எல்லாரும் சந்தோஷமாகத் தூக்கினார்கள். எம்.பி.கூடக் கேக்குக்குத் தூக்கினார்.

அவர் முக்கால் மணி நேரம் பேசினார். சின்னக் கட்சிகள் வாலாம், பெரிய கட்சி நாயாம், வால் நாயை ஆட்டக் கூடாதாம். எல்லாரும் கைதட்டினார்கள். நான் சமையலறைக் கதவைத் திறந்தேன்.

ஒரு மேஜையைத் தவிர எல்லாவற்றுக்கும் சீஸ் ரோல். அந்த ஒரு மேஜைக்கு மட்டும் சாசேஜ் ரோல். கேக் வெளியே வரவே இல்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு முணுமுணுப்பு. பக்கத்துப் பண்ணை வாட்டி கிரான்ட் தட்டைத் தள்ளினார். “ஏம்மா நெட்டா, நான் சாசேஜ் ரோல்தானே கேட்டேன்?”

“கேட்டீங்க. உங்க மேஜையில நாலு பேர் சீஸ் ரோல் கேட்டாங்க, மூணு பேர் சாசேஜ் ரோல். சீஸ் ரோல் ஜெயிச்சுது. ஜெயிச்சவங்களுக்கே எல்லாம்.”

“அப்ப நாங்க?”

“அடுத்த கூட்டத்துல மாத்திக் கேளுங்க. மூணு வருஷம் கழிச்சு.”

அப்பா, என்ன சத்தம்! நாலு மைல் தூரத்து நாய்களெல்லாம் குரைத்திருக்கும். நாற்காலியை இழுக்கிறார்கள், சமையலறைக் கதவைத் தட்டுகிறார்கள். என் தபால் நிலையத்தை மூடியபோது இவர்களில் ஒருவர் இப்படிக் கத்தியிருந்தால்! வாட்டி மூக்கு சிவக்க எழுந்து நின்றார். “இது சாப்பாடு, அது சர்க்கார்! ரெண்டையும் போட்டுக் குழப்பாதே!”

“சாப்பாடு ஒரு வேளை. சர்க்கார் மூணு வருஷம்.”

எம்.பி. சிரித்தார், ‘நல்ல வேடிக்கை’ என்றார். ஆனால் கண் கதவுப் பக்கமே இருந்தது, கேக் வருமா என்று. நான் கொடுக்கவில்லை. தோற்ற கேக் தோற்றதுதான். மூடி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

திரும்பும் வழியில் வண்டியை டங்கன் ஓட்டினான். பாதி தூரம் போன பிறகு, “பசிக்குது” என்றான்.

“சீஸ் ரோல் தின்னிருக்க வேண்டியதுதானே.”

“நான் கேட்டது கேக்.”

“உன் மேஜையில உன்னைத் தவிர வேற யாரும் அதைக் கேக்கலையே.”

“என் மேஜையில நான் ஒருத்தன். அடுத்ததுல ரெண்டு பேரு. எல்லா மேஜையிலயும் ஒருத்தன் ரெண்டு பேரு தூக்கினான். நான் எண்ணினேன். மொத்தமா சேர்த்தா ஒரு மேஜைக்கு மேல ஆளு இருக்கு. ஒரு துண்டு? ஒரே ஒரு துண்டாவது வந்துச்சா?”

ஸ்டியரிங்கை அடித்தான். பிறவி நீலம், பழைய முறைக்குப் பலகை நட்டவன். ஒரு துண்டு கேக்குக்காகவா இத்தனை கொதிப்பு? வீட்டுக்கு வந்ததும் நின்றபடியே பாதிக் கேக்கைத் தின்று தீர்த்தான்.

சனி, 9 அக்டோபர்

எழுதினால் கோபம் அடங்குமா பார்க்கலாம்.

பள்ளிக்கூடக் கூரைக்குப் பணம் சேர்க்க சீஸ் ரோல் உருட்டும் நாள். மேஜை முழுக்க ரொட்டித் துண்டுகள். பெரில் சீஸ் தடவுகிறாள், நான் சுருட்டி வெண்ணெய் பூசுகிறேன். எந்தத் தேர்தலானாலும் மண்டபத்தில் வாக்குச்சீட்டு கொடுக்க உட்காருவது பெரில்தான். இந்த முறை இரண்டு சீட்டு என்பதால் இருவர் வேண்டுமாம், அலுத்துக்கொண்டாள். பேச்சுவாக்கில் சொன்னாள்:

“டங்கனைப் பாத்து மத்த ஆம்பளைங்க கத்துக்கணும். ஒவ்வொரு தடவையும் அவர்தான் மொதல் ஆளு. நான் கதவைத் திறக்கும்போதே படியில நிப்பார்.”

“எந்தத் தடவை?”

“எல்லாத் தடவையும்தான். எனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும். ஏன், நீதான் டவுன்ல போட்டுக்குவேன்னு சொல்வாரே?”

நான் சுருட்டிக்கொண்டிருந்த ரொட்டி கிழிந்தது. “ஆமா, டவுன்ல” என்றேன். வேறென்ன சொல்ல? என் வீட்டுக்காரன் இருபது வருடமாக என்னைக் கைகுலுக்கி ஏமாற்றுகிறான் என்றா?

தேர்தலன்று காலையில் பத்திரிகையும் ரொட்டியும் வாங்கிவரப் போவானே. ரொட்டி சூடாக இருக்கும்! நான் அதில் ஜாம் தடவிக் கொடுத்திருக்கிறேன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவன் ரொட்டியில் மறைத்திருக்கிறான்.

ஞாயிறு, 10 அக்டோபர்

கேட்டுவிட்டேன். ஆட்டுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

“பெரில் சொன்னது நெஜமா?”

“...ஆமா.”

“எத்தனை தடவை?”

“எல்லாத் தடவையும்.”

எல்லாத் தடவையும்! எவ்வளவு சாதாரணமா சொல்றான்! பட்டிக் கதவுக்கு மேல கையை நீட்டினவன் யாரு, நானா? “ஜோடி”ன்னு இளிச்சவன் யாரு? என் ஓட்டை வீட்டுல கட்டிப் போட்டுட்டு இவன் போய்ப் போட்டுட்டு வந்திருக்கான். ஊருக்கெல்லாம் நான் டவுன்ல போடறதா கதை வேற.

அப்புறம் சொன்னான் பார், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. “நீ போட்டிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? இந்தத் தொகுதியில நீல ரிப்பன் கட்டி ஒரு கடாவை நிறுத்தினாலும் ஜெயிக்கும். உன் ஓட்டு எண்ணி முடிச்சதும் குப்பைதான்.”

“அப்ப நீ எதுக்குடா போனே?”

முதல் தடவையாக அவனை ‘டா’ போட்டேன். மருந்துப் புட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேட்க நான் நிற்கவில்லை.

அவன் சொன்னது உண்மை, அதுதான் எரிகிறது. இந்த ஊரில் என் ஓட்டு குப்பைதான். ஆனால் என் குப்பையைக் கொட்டும் உரிமை என்னுடையதில்லையா?

புதன், 13 அக்டோபர்

ஷோனாவின் பழைய அறையில் படுக்கிறேன். பேச்சு இல்லை. அவன் டீயை அவனே போட்டுக்கொள்கிறான். மட்டமான டீ.

ஞாயிறு, 24 அக்டோபர்

கம்பளிக் கொட்டகையில் தரை பெருக்கிக்கொண்டிருந்தேன். வந்து மூட்டை மேல் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். இவன் தொப்பியைக் கழற்றுவது இழவு வீட்டில்தான்.

“நெட்டா, நான் நீலத்துக்குப் போடல.”

நான் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

“எழுபத்தெட்டுல இருந்து போடல. அந்த மூணாவது கட்சி ஆளு ஒருத்தன் இதே கொட்டகைக்கு வந்தான். வங்கிக்காரன் விவசாயியை எப்படி அறுக்கிறான்னு இந்த மூட்டை மேல உட்கார்ந்து சொன்னான். அதை வாய் திறந்து சொன்ன ஒரே கட்சி அதுதான். அதுக்குத்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும்.”

“எழுபத்திரண்டு? எழுபத்தஞ்சு?”

“...அது நீலம்தான்.”

“திருட்டுப் பயலே.”

“ஆமா.”

துடைப்பத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். ஏன் சொல்லவில்லை? அப்பாவாம். எண்பத்தாறு வரை எங்களோடு இருந்தாரே என் மாமனார், நீலக் கட்சிக் கிளைத் தலைவர். மகன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலே சோறு இறங்காது அவருக்கு. சரி, அவர் போன பிறகு? “வேலியில பலகை பழகிடுச்சு. ஊர் கேக்கும். நீ கேப்பே. உன்கிட்ட சொன்னா ஜோடியும் இல்லை. நீயும் கெளம்பிப் போய் சிவப்புக்குப் போட்டுட்டு வருவே.”

நல்லா இருக்கிறதே! எனக்கு எதிராகக்கூட அவன் ஓட்டு நிற்கவில்லை. எதிரே யாருமில்லாத கயிற்றை நான் பதினைந்து வருடமாக இழுத்துப் பிடித்திருக்கிறேன்.

“எண்பத்தொண்ணு ஞாபகம் இருக்கா?” என்றான்.

இல்லாமல் எப்படி? எழுபத்தெட்டைப் போலவே அந்த வருடமும் நாடு முழுக்க நீலத்தைவிடச் சிவப்புக்குத்தான் அதிக ஓட்டு. ஆட்சி என்னவோ நீலத்துக்கு. டி.வி.யை அணைத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். டங்கன் கண்ணில் பட்டால் ஜெயித்தவன் சிரிப்பான் என்று.

“அன்னைக்கு என் கட்சிக்கு அஞ்சுல ஒருத்தன் போட்டிருந்தான், நெட்டா. நாடு பூரா. கெடைச்சது ரெண்டே சீட்டு. தொண்ணூத்திரண்டுல ரெண்டு. நாய்க்கூண்டுல போய் உட்கார்ந்திருந்தேன், நீ பாத்தா சிரிப்பேன்னு.”

ஒரே வீட்டில் இரண்டு பேரும் தோற்றிருக்கிறோம். இருவரும் மற்றவர் ஜெயித்துவிட்டதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இதற்கு யாரைத் திட்ட? அவனைத்தான் திட்டினேன், ஆசை தீர.

இன்னும் ஷோனாவின் அறையில்தான் படுக்கை. ஆனால் டீ நான் போட்டேன்.

வெள்ளி, 5 நவம்பர்

தேர்தல் நாளில் ஒரு பலகை நிற்கக் கூடாது என்பது சட்டம். இன்றைக்குள் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். வருடா வருடம் போல இன்றைக்கே ஊரில் சொக்கப்பனையும் வெடியும். கீழ் மைதானத்தில் விறகு அடுக்கியிருந்தார்கள். வைக்கோல் பொம்மை மேலே.

என் பலகையை நான் பிடுங்கினேன். சட்டையை ஆணி கிழித்தது. டங்கன் முகப் பலகையைக் கழற்றி வண்டியில் போட்டான். பிறகு அவன் அப்பா அடித்த மரச்சட்டத்தையும் கழற்றினான். வழக்கமாக அது கொட்டகைக்குத்தான் போகும்.

“அதை எங்க கொண்டு போறே?”

“உளுத்துப் போச்சு.”

உளுக்கவில்லை. இழைத்த மரம், இன்னும் முப்பது வருடம் நிற்கும். மைதானத்தில் நீலம், சிவப்பு, என் கோணல் எழுத்து எல்லாம் ஒன்றாக எரிந்தன. வாட்டி கிரான்ட் என்னைப் பார்த்து, “நெட்டா, இன்னைக்காவது எல்லாருக்கும் சாசேஜ் உண்டா?” என்றார். உண்டு என்றேன்.

ஞாயிறு, 7 நவம்பர்

நேற்று வால் நறுக்கும் வேலையை ஒத்திவைத்தோம். காலையில் டங்கன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பட்டிக் கதவருகே நான் நின்றேன். பார்த்தான். கையை நீட்டவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.

பெரில் என்னைப் பார்த்து, “என்ன, டவுனை மூடிட்டாங்களா?” என்றாள். இரண்டு சீட்டையும் கிழித்துக் கொடுத்தாள். மறைப்புக்குள் பென்சிலைப் பிடித்தபோது, வெட்கக்கேடு, அழுகை வந்தது. ஐம்பது வயதுப் பொம்பளை. பள்ளிக்கூட பெஞ்சில் பரீட்சை எழுதுகிற மாதிரி அழுத்தி அழுத்தி இரண்டு தரம் கோடு போட்டேன். பக்கத்து மறைப்பில் டங்கனின் பூட்ஸ் தெரிந்தது. வெகுநேரம் நகரவில்லை.

எங்கள் தொகுதியில் நீலம். கடா ஜெயித்தது. ஆனால் மாற்றம் வென்றுவிட்டது! நூற்றுக்கு ஐம்பத்து நாலு. டி.வி.யில் சொன்னதும் நான் கத்திய கத்தலில் நாய்கள் குரைத்தன. டங்கன் எதற்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை. இருபது வருடம் என் ஓட்டை அவன் வைத்துக்கொண்டான். அவன் ஓட்டை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

இரவு என் தலையணையை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குப் போனேன். குளிர்.

ஞாயிறு, 13 அக்டோபர் 1996

புது முறையில் முதல் தேர்தல் நேற்று. ஒரே சீட்டில் இரண்டு டிக். ஒன்று தொகுதி ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. முதல் டிக் குப்பைக்குத்தான், எங்கள் தொகுதி கடாவுக்கு நேர்ந்துவிட்ட தொகுதி. இரண்டாவதை வைத்துக்கொண்டு யோசித்தேன். சிவப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. புதிதாக வந்த ஒரு சின்னக் கட்சிக்குப் போட்டேன். நீலத்தை இறக்குவோம் என்று ஊர் ஊராகத் தொண்டை கிழியக் கத்தினார்களே, அவர்களுக்கு.

விடிய விடிய எண்ணிக்கை பார்த்தோம். நீலத்துக்கும் பெரும்பான்மை இல்லை, சிவப்புக்கும் இல்லை. என் சின்னக் கட்சி யார் பக்கம் சாய்கிறதோ அவர்களுக்கே ஆட்சி! என் டிக் இப்போது கதவுச் சாவி!

வியாழன், 21 நவம்பர் 1996

இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும். இதற்குள் பாதிக் குட்டிகளுக்கு வால் நறுக்கியாயிற்று.

புதன், 11 டிசம்பர் 1996

நீலத்தோடு சேர்ந்துவிட்டார்கள்.

சேர்ந்துட்டாங்க! நீலத்தை இறக்கத்தான் உனக்குப் போட்டேன், நீ போய் அதையே தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிறாயா? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மாவு பிசைந்த கையோடு டி.வி. முன்னால் நின்று திட்டினேன். பழைய முறையில் என் ஓட்டைக் குப்பையில் போட்டார்கள். புது முறையில் மரியாதையாக வாங்கி, எண்ணி, இரண்டு மாதம் விலை பேசி, விற்றிருக்கிறார்கள். இதற்காகவா சீஸ் ரோலை வைத்து ஊரோடு சண்டை போட்டேன்? இதற்காகவா அந்தக் கேக்?

டங்கன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரித்தால் மாவை மூஞ்சியில் எறிவதாக இருந்தேன். இத்தாலி என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும்.

அவன் முகம் கறுத்திருந்தது. “துரோகிப் பசங்க” என்றான். “ரெண்டு மாசமா நம்மளை வேடிக்கை பாத்திருக்கானுங்க.”

“நம்மளையா? உனக்கென்ன வந்துச்சு?”

“நானும் அவனுங்களுக்குத்தான் போட்டேன்.”

மாவுக் கையோடு உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி முப்பது வருடம். முதல் முதலாக இரண்டு பேரும் ஒரே கட்சிக்குப் போட்டிருக்கிறோம், சொல்லிவைக்காமல். அந்தக் கட்சிதான் இரண்டு பேரையும் சேர்த்து விற்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. டங்கன் சிரிக்கவில்லை. அவனுக்குக் கோபம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

“இந்தத் தடவை யாரு வித்தான்னு பேரு தெரியும். அடுத்த தடவை அவனுக்கு ஒரு ஓட்டு கெடையாது. வேற கட்சி இல்லையா என்ன? நாலஞ்சு இருக்கு.” இத்தாலிக்காரன் பேசுகிற பேச்சா இது! அலமாரியைத் திறந்து, “பேப்பர் எங்க வைப்பே? பேனா எங்க?” என்று உருட்டினான்.

“எதுக்கு?”

“பத்திரிகைக்கு எழுதணும்.”

“பேரு போட்டா? ஊர் கேக்குமே.”

“கேக்கட்டும்.”

இரண்டு மணி நேரம் அடித்து அடித்து எழுதினான். உரக்கப் படித்துக் காட்டினான். திட்டு போதாது என்று நான் இரண்டு வரி சேர்த்தேன். யாருக்கு ஓட்டுப் போட்டோம், ஏன் போட்டோம் எல்லாம் அதில் இருக்கிறது. வாட்டி கிரான்ட் படிப்பார், பெரில் படிப்பாள், கிளைத் தலைவரின் மகன் என்று ஊரே படிக்கும். கீழே டங்கன் அர்கார்ட் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் நீட்டினான். நானும் போட்டேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அவனே வேலிவரை நடந்து போய்த் தபால்பெட்டியில் உறையைப் போட்டு, தபால்காரர் பார்க்கும்படி பெட்டியின் கொடியைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தான்.